கேம்பர் வேனும் லயக் காம்பராவும்

போன ஜூலை மாசம் ஒரு பின்னேரம். குச்சவெளியில் கச்சான் காத்து அடிச்சுக்கொண்டிருந்தது. முற்றத்து மணலில் கால் வைக்க ஏலாது, அவ்வளவு சூடு. அந்த நேரம் பார்த்து போனுக்கு ஒரு வீடியோ வந்து விழுந்தது. என்னோட படிச்ச கூட்டாளி ஒருத்தனும் அவன்ட மனைவியும் கலியாணம் முடிச்சு ஆறு மாசம்கூட ஆகல்ல. வாடகைக்கு ஒரு கேம்பர் வேன் எடுத்துக்கொண்டு மலைநாட்டுக்குப் போயிருந்தாங்க. வீடியோவில் வேன் கூரையில் மழை விழுற சத்தம். கண்ணாடி முழுக்கப் புகார். சின்ன கேஸ் அடுப்பில் பிளேன்டி கொதிக்குது. கம்பளிக்குள்ள ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க.

கீழே எழுதியிருந்தான்: "வீட்டையே கூடக் கொண்டு வந்திட்டம் மச்சான். நீதான் சரித்திரம் எண்டு திரியிற ஆள். இந்த ரோட்டுல என்ன கதை இருக்கு, சொல்லு பார்ப்பம்."

வொய்ஸ் மெசேஜில் அடங்குற கதை இல்லை. அதுதான் இந்தக் கட்டுரை.

ஒரே காத்து, ரெண்டு ஊர்

முதல்ல அந்த மழையைப் பற்றிச் சொல்லணும். ஏனென்றால் அவங்களை நனைச்ச மழையும் எங்களை வாட்டின வெக்கையும் வேற வேற இல்லை.

மே மாசத்திலிருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும். தீவின் நடுவில் மலை குறுக்கே நிற்கும். காற்று மேலே ஏறும், குளிரும், சுமந்து வந்த தண்ணீரை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிடும். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்வது இதனால்தான். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் மிச்சமில்லை. இறங்க இறங்கச் சூடாகி, திருகோணமலைக் கரைக்கு வரும்போது அது கச்சானாகிவிடும். எங்களுக்கு மழை வேண்டுமென்றால் ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று வர வேண்டும்.

அதனால் மலைநாடு எங்களுக்குத் தூரத்து ஊர் மாதிரித் தெரிந்தாலும், அங்க நடக்கிறது எப்படியோ இங்க வந்து சேரும். காத்து மட்டுமில்லை, மனிசரும் அப்படித்தான் வந்தாங்க. அந்தக் கதைக்குக் கடைசியில் வாறன். முதல்ல ரோட்டு.

ரோட்டு வந்த கதை

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியரின் கைக்குப் போனது. அதுவரைக்கும் மலைநாட்டின் பெரிய பலமே ரோட்டு இல்லாததுதான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் படையோடு ஏறிப் பார்த்துத் தோற்றுத் திரும்பியதற்கு மலையும் காடும் மழையும் முக்கியமான காரணங்கள். கண்டி அரசர்கள் பாதைகளை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்திருந்தார்கள். 1817-18இல் ஊவாவில் பெரிய கிளர்ச்சி நடந்தபோது பிரித்தானியரும் அதே பாடத்தைப் படித்தார்கள். ரோட்டு இல்லாமல் இந்த மலையை ஆள முடியாது என்று அவர்களுக்கு விளங்கியது.

எட்வர்ட் பார்ன்ஸ் 1820இல் பதில் ஆளுநரானதும் முதலில் எடுத்த பெரிய வேலை கொழும்பு-கண்டி ரோட்டு. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாறையைக் குடைந்து வழி வெட்டினார்கள். அந்த வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829இல் செத்துப்போனார். அவருக்கு எழுப்பிய கோபுரம் இன்றைக்கும் கடுகண்ணாவையில் நிற்கிறது. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது.

இதில் திருகோணமலைக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒரு பெயர் தோமஸ் ஸ்கின்னர். இவருடைய தகப்பன் திருகோணமலையில் இருந்த பீரங்கிப் படை அதிகாரி. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, 1818இல் தகப்பனிடம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே இளம் அதிகாரியாகச் சேர்த்து, ஒரு படைப்பிரிவைக் கண்டி வழியாகக் கொழும்புக்கு நடத்திக்கொண்டு போகச் சொன்னார்கள். வயது பதினைந்து. ரோட்டு என்று சொல்ல ஒன்றுமில்லாத காட்டுக்குள்ளால் திருகோணமலையிலிருந்து நடந்துபோன அந்தப் பெடியன்தான் பிறகு 1867 வரைக்கும் இந்தத் தீவின் ரோட்டுகளைப் போட்ட பெரிய அதிகாரி. நாங்க ஏ.எல். எழுதப் போற வயசுக்கும் முன்னாலேயே அவர் காட்டை அளக்கத் தொடங்கிட்டார்.

ஆனா ஸ்கின்னரும் டோசனும் மண்வெட்டி பிடிக்கவில்லை. மண்வெட்டி பிடித்தவர்கள் ரெண்டு கூட்டம். ஒன்று, இராஜகாரிய முறையின்கீழ் சம்பளமில்லாமல் இழுத்துவரப்பட்ட கண்டிக் கிராமத்துச் சிங்களவர். மற்றது, தென்னிந்தியாவிலிருந்து கொண்டு வந்து 'பயனியர்' படை என்று பெயர் வைத்த தமிழ்க் கூலியாட்கள். கோப்பித் தோட்டத்துக்கு ஆள் வருவதற்கு முன்னமே ரோட்டு வெட்ட ஆள் வந்துவிட்டது. கண்டிக்கு மேலே கம்பளை, புசல்லாவை, ரம்பொடை என்று நுவரெலியாவுக்கு ஏறுகிற பாதை, இப்ப நாங்க ஏ-5 என்று சொல்கிற ரோட்டு, இந்த மாதிரிக் கைகளால் வந்ததுதான்.

இராஜகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் 1848இல் ஆளுநர் டொரிங்டன் புது வரிகள் போட்டபோது ரோட்டு வேலை வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. உடல் வலுவுள்ள ஒவ்வொரு ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் ரோட்டில் வேலை செய்ய வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். புரன் அப்புவைப் பிடித்து ஓகஸ்ட்டில் சுட்டுக் கொன்றார்கள்.

1848: ரம்பொடையில் விழுந்த வண்டி

அதே 1848இன் கடைசியில்தான் இந்த ரோட்டில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வீட்டையே கட்டி எடுத்துக்கொண்டு ஏறியது. ஆள் வேற யாருமில்லை, பிறகு நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பேர் எடுத்த சாமுவேல் பேக்கர். மனைவி ஹென்ரியட்டா.

பேக்கர் முதல் தடவை 1845இல் யானை வேட்டைக்காக இலங்கைக்கு வந்தார். காய்ச்சல் வந்து படுத்து, உடம்பு தேற நுவரெலியாவுக்குப் போனார். ரெண்டு கிழமையில் தேறிட்டார். அந்தக் குளிரும் புல்வெளியும் மனசில் ஒட்டிக்கொண்டதால், இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய், அங்கேயே நிரந்தரமாகக் குடியேறத் திட்டம் போட்டு வந்தார். தம்பி, மனைவி, பிள்ளை, வேலைக்காரர், கொல்லன், விவசாயக் கருவிகள், வேட்டை நாய்கள், நல்ல சாதிப் பசு, குதிரை, குதிரை வண்டி எல்லாம் கூட வந்தன. ஒரு குட்டி இங்கிலாந்தையே மலைக்கு மேலே கொண்டு போய் வைக்கிற திட்டம்.

1855இல் அவர் எழுதிய புத்தகத்தில் இந்தப் பயணம் வருகிறது. கொழும்பிலிருந்து யானை இழுக்கிற வண்டிகளில் பாரமான சாமான்கள் போயின. மாட்டு வண்டில்கள் மிச்சத்தைச் சுமந்தன. ரம்பொடை வரைக்கும் எல்லாம் சரி. அங்கிருந்து நுவரெலியா சுமார் 15 மைல், முழுக்க ஏற்றம். குதிரைகளால் அந்தப் பாரமான வண்டியை இழுக்க முடியவில்லை. வண்டியை ரம்பொடையில் விட்டுவிட்டு, ஆட்கள் குதிரையில் ஏறிப் போனார்கள். சில நாள் கழித்து வெறும் வண்டியை எடுத்துவரக் குதிரைக்காரனை அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. குதிரைகளும் வண்டியும் பள்ளத்தில் விழுந்துவிட்டன, தான் மட்டும் விழவில்லை என்று. பள்ளம் 80 அடி. பிறகு வண்டியை மீட்கப் பழக்கிய யானை ஒன்றை அனுப்பினார்கள். அதே ஆள் யானையைக் குதிரை என்று நினைத்து மலையில் ஓட ஓட விரட்ட, யானையும் செத்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த பசுவும் போய்ச் சேர்ந்தது.

பேக்கர் இதைச் சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார். வாசிக்க எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வளைவுகளில் பஸ்ஸில் போனவங்களுக்கு அவ்வளவு சிரிப்பு வராது. 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லவில், இதே ரோட்டில், ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் செத்ததை நாங்க செய்தியில் பார்த்தோம். மழையும் புகாரும் ஏற்றமும் 1848இல் இருந்த மாதிரியேதான் இருக்கு.

பேக்கர் குடும்பம் 1855இல் இலங்கையை விட்டுப் போனது. அதே ஆண்டின் கடைசியில் ஹென்ரியட்டா ஐரோப்பாவில் காய்ச்சலில் செத்துப்போனார். ஆனால் பேக்கரின் பெயர் மலையில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளிக்குப் போறவங்க எல்லாரும் படம் எடுக்கிற அருவிக்குப் பெயர் 'பேக்கர்ஸ் ஃபோல்ஸ்'. வண்டி கவிழ்ந்த கதைகூட 170 ஆண்டுக்குப் பிறகு எனக்குத் தெரியுது.

இப்ப கேள்வி இதுதான். பேக்கரின் சாமானைச் சுமந்தவங்கட பெயர் என்ன? அவர் போன பிறகும் தோட்டத்துக்கு ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தாங்களே, அவங்கட பெயர் என்ன?

தலையில் வீடு

குச்சவெளியிலிருந்து மலைக்குப் போற வழி எங்களுக்கெல்லாம் தெரியும். நிலாவெளி தாண்டித் திருகோணமலை. அங்கிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை. தம்புள்ளையில் தெற்கே திரும்பி நாலந்தை, மாத்தளை, கண்டி. கூட்டாளியின்ட வேனும் அப்படித்தான் போனது.

அந்தத் தம்புள்ளையில்தான் அவங்கட வேன், தங்களுக்குத் தெரியாமலே, இன்னொரு பழைய பாதையில் ஏறியது. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த கூலியாட்கள் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால் நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வந்தார்கள். 200 கிலோமீற்றருக்கு மேல் நடை. வன்னியில் மலேரியா, வழி முழுக்கக் கொலரா, குடிக்க நல்ல தண்ணி இல்லை. நடக்க ஏலாமல் போனவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் முன்னே போகும். 1840-களில் எத்தனை பேர் இந்தப் பாதையில் செத்தார்கள் என்று அப்போதே கொழும்புப் பத்திரிகைகளில் சண்டை நடந்தது. பெயர்ப் பட்டியல் யாரும் எடுக்கவில்லை.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் கூடுதலானோர் ஆண்கள். கோப்பிப் பழம் ஆய்கிற மாசங்களுக்கு வந்து, முடிய ஊருக்குத் திரும்புவார்கள். 1869இல் கோப்பி இலையில் பூஞ்சை நோய் வந்தது. பத்துப் பதினைந்து ஆண்டில் கோப்பி அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு 'சீசன்' இல்லை. மழை பெய்யப் பெய்யக் கொழுந்து வரும், வருசம் முழுக்க ஆய வேண்டும். அதனால் தோட்டத்துக்குத் தனி ஆள் போதாது, குடும்பம் தேவைப்பட்டது. புருசனும் பெண்சாதியும் பிள்ளைகளுமாக வரத் தொடங்கியது இதற்குப் பிறகுதான் கூடியது.

இந்தத் தம்பதிகள்தான் எனக்கு முக்கியம். பேக்கர் தம்பதி மாதிரியே இவர்களும் வீட்டைக் கூடக் கொண்டு போனவர்கள். ஆனா இவர்களுக்கு யானை வண்டி இல்லை. சட்டி, பானை, பாய், ஒரு பொட்டலம் அரிசி, கைக்குழந்தை. தலையிலும் இடுப்பிலும் வைச்சுக் கொண்டு போற அளவுதான் வீடு. ஊரை விட்டு வெளிக்கிடும்போதே கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக ஏறியிருக்கும். வழிச் செலவும் அந்தக் கணக்கில்தான். மலைக்கு வந்ததும் குளிருக்கு ஒரு கம்பளி கொடுப்பார்கள். அதுவும் கடன். வெயில் ஊரிலிருந்து வந்தவர்கள் அந்த மழைக்குள் நின்று முதல் வேலையைத் தொடங்கும்போது, ஊருக்குத் திரும்ப வழியில்லாத அளவுக்குக் கணக்கு எழுதி முடிஞ்சிருக்கும்.

வீடியோவில் என்ட கூட்டாளி கம்பளிக்குள்ள சிரிச்சதைப் பார்த்தபோது இந்தக் கம்பளிதான் ஞாபகம் வந்தது. அவனைக் குற்றம் சொல்லல்ல. புதுசாக் கலியாணம் முடிச்ச சோடி மழை பார்க்கப் போறதில் என்ன பிழை? பிழை அதில இல்லை. அதே மழைக்குள்ள அதே வயசுச் சோடிகள் வந்த கதை எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பந்தியாத்தான் கிடைச்சது, அதுதான் பிழை.

காம்பரா

மலையகத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: காம்பரா. லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற அறை. அறையைக் குறிக்கிற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. கேம்பர் என்ற சொல்லுக்கும் இதற்கும் சொந்தமில்லை. ஆனா காதில் ரெண்டும் ஒட்டுது, எனக்கு விடவே ஏலாமல் போச்சு.

ஒரு காம்பரா வழமையாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் சின்ன இஸ்தோப்பு. பத்துப் பன்னிரண்டு காம்பரா வரிசையாக ஒட்டிக் கட்டினால் ஒரு லயம். முதுகோடு முதுகாக ரெண்டு வரிசை கட்டினால் பின்பக்கம் ஜன்னலே இருக்காது. கூரை தகரம். அதிலும் மழை விழுந்தால் சத்தம் வரும், கேம்பர் வேனில் கேட்கிற அதே சத்தம். உள்ளே அடுப்புப் புகை, ஈர விறகு, காயாத உடுப்பு. விடியக் கொம்பு ஊதினால் பெரட்டுக்குப் போக வேண்டும். இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, முதுகில் கூடையோடு, அட்டை கடிக்கக் கடிக்க மழைக்குள் கொழுந்து ஆய வேண்டும். பெண்கள் கொழுந்து ஆய்ந்த சம்பளத்தைப் புருசனோ தகப்பனோ போய் வாங்குகிற வழக்கம் கன காலம் இருந்தது.

ஒரு நல்ல கேம்பர் வேனின் உள்பக்கம் காம்பராவில் ஏறக்குறையப் பாதி இருக்கும். ரெண்டு பேர், நாலு நாள். அந்த நாலு நாளிலேயே "இடமில்லாமல் சண்டை வந்தது" என்று கூட்டாளியின்ட மனைவி சிரிச்சுக்கொண்டு சொன்னா. காம்பராவில் ஆறேழு பேர், மூன்று நாலு தலைமுறை. அதற்குள்ளேயே பிள்ளை பிறந்தது, மூலையில் துணி கட்டி மறைச்சுப் புதுச் சோடி படுத்தது, கிழவர்கள் செத்தது.

மழை அங்கே அழகு மட்டுமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை, கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, குடும்பங்களை எடுக்க வேண்டும் என்று முன்னமே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனா எங்கே போறது? லயமும் தோட்டத்தின்ட, நிலமும் தோட்டத்தின்ட. வேனில் போனவர்களுக்கு மழை கூடினால் சாவியைத் திருப்பி இறங்கி வரலாம். காம்பராவுக்குச் சில்லு இல்லை.

இறங்கி வந்தவர்கள்

மலை ஏறியவர்கள் எல்லாரும் மேலேயே இருக்கவில்லை. பலரை இறக்கினார்கள். சிலர் தாங்களாகவே தப்பி இறங்கினார்கள்.

பேக்கர் வந்து சரியாக 100 ஆண்டுக்குப் பிறகு, 1948இல், சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அந்த ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்தியாவுக்குப் பெயர் விழுந்தவர்கள் மலையிலிருந்து கோச்சியில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போனார்கள். ஸ்டேசனில் நின்றவர்களும் போனவர்களும் அழுத அழுகைக்கு அந்தக் கோச்சிக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. பூட்டன் பூட்டி நடந்து வந்த திசைக்கு எதிர்த் திசையில், அதே மாதிரிச் சட்டி பானை மூட்டையோடு போனார்கள்.

இன்னொரு கூட்டம் எங்கட பக்கம் வந்தது. 1977 கலவரத்தில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களுக்கு வந்தன. கட்டடக் கலைஞர் டேவிட், மருத்துவர் ராஜசுந்தரம் ரெண்டு பேரும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்த உதவியது. மணலாற்றுப் பக்கம் டொலர் பண்ணை, கென்ற் பண்ணை என்ற இடங்களில் அவர்கள் காடு வெட்டித் தோட்டம் செய்தார்கள். மழைக்காட்டில் பிறந்த ஆட்கள், எங்கட கச்சான் காத்துக்குள்ள மிளகாய் நட்டார்கள்.

அதுவும் நிலைக்கவில்லை. காந்தியத்தைத் தடுத்தார்கள். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984இல் அந்தப் பண்ணைகளிலிருந்து மலையகக் குடும்பங்களை வெளியேற்றிவிட்டு, சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டு வந்து இருத்தினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி விடுதலைப் புலிகள் பண்ணைகளுக்குள் புகுந்து அவர்களைக் கொன்றார்கள். அதில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அதைத் தொடர்ந்து டிசம்பரில் சுற்றுப்புறத் தமிழ்க் கிராமங்கள் வெறுமையாகின. குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவின் வடக்கு எல்லையில் இருக்கிற தென்னமரவாடியும் அதில் ஒன்று. அங்கிருந்து ஓடியவர்கள் கால் நூற்றாண்டு முல்லைத்தீவுப் பக்கம் இருந்துவிட்டு, போர் முடிந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள்.

மலைநாட்டு ரோட்டுக் கதையில் தென்னமரவாடிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இதுதான் வேலை. மலையில் ஒரு குடும்பத்துக்குச் சொந்த நிலம் இல்லாமல் போனது. அந்தக் குடும்பம் இறங்கி வந்தது. அதையும் விரட்டிய இடத்தில் வேறு ஏழைகளைக் கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார்கள். கடைசியில் குச்சவெளிக்காரரின் வீடும் போனது. மேலே மழையாக விழுந்தது கீழே வெக்கையாக வருகிற மாதிரி.

திரும்பி வரும்போது

2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு என்று நினைவுகூர்ந்தார்கள். அந்த ஜூலை கடைசியில் தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கி, பழைய பாதையிலேயே ஆகஸ்ட்டில் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. மலையகத்தவர், வடக்கு கிழக்குத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் வழியில் சேர்ந்துகொண்டார்கள். கேட்டது பெரிய கேட்பு இல்லை: காணி, வீடு, நியாயமான சம்பளம், இந்த நாட்டு மனிசர் என்ற மரியாதை.

கூட்டாளிக்கு நான் அனுப்பின பதில் நீளம் கூடிப்போச்சு. கடைசியில் மூன்று விசயம் எழுதினன். ரம்பொடையில் இறங்கும்போது கீழ் கியரில் வா, பிறேக்கை நம்பாதே. வழியில் தேத்தண்ணி குடிச்சால், கடையில் நிற்கிற அக்காவிடம் எந்தத் தோட்டம், வீடு கட்டக் காணி கிடைச்சதா எண்டு கேள். அவங்களுக்குப் பேச விருப்பமெண்டால் நேரம் எடுத்துக் கேட்டுக்கொண்டு வா. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலடியில் வேனை நிப்பாட்டு. மன்னாரிலிருந்து நடந்து வந்தவங்க மூட்டையை இறக்கி மூச்சு விட்ட ஊர் அது.

ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்தது. படம் இல்லை, வீடியோ இல்லை. அவன்ட மனைவிதான் எழுதியிருந்தா.

"அண்ணா, தேத்தண்ணிக் கடை அம்மாட காம்பராவுக்குப் போனோம். மழை கூடிட்டு, வேனுக்குள்ள படுக்காதீங்க, மண் சரியும் எண்டு சொல்லி அவங்கட இஸ்தோப்புல இடம் தந்தாங்க. எட்டுப் பேர் இருக்கிற வீடு. எங்களுக்கும் இடம் இருந்திச்சு. அவங்கட அண்ணன் குடும்பம் 77ல இறங்கிப் போனதாம், திருகோணமலைப் பக்கம். எந்த ஊர் எண்டு அவங்களுக்குத் தெரியாதாம். நாங்க குச்சவெளி எண்டு சொன்னதும், விசாரிச்சுப் பார்க்க ஏலுமா எண்டு கேட்டாங்க. விசாரிப்பமா?"

விசாரிச்சுக்கொண்டிருக்கிறோம்.